இரண்டு கோடுகளுக்கு நடுவில்

சுகாதாரத் துறை அலுவலகத்தில் அவருக்கு வளைகோட்டார் என்று பெயர். யார் வைத்தார்களோ, நன்றாக இருக்கட்டும், அப்படியே பொருந்திவிட்டது. காலையில் வந்து கணினியைத் திறந்தால் மாலை வரை ஒரு வளைகோட்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் மனிதருக்கு உத்தியோகம். தொற்று ஊருக்குள் எப்படிப் பரவும், எப்போது உச்சிக்குப் போகும், எப்போது இறங்கும் என்று சமன்பாடு போட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் இயக்குநர் கேட்பார். இயக்குநர் சொன்னால் ஊர் கேட்கும். நடந்தது வேறு மாதிரி ஆகிவிட்டால் மட்டும் இயக்குநரும் ஊரும் ஒரே பக்கம் நின்றுகொண்டு இவரை முறைப்பார்கள்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. தாமதப் பைத்தியம். "இன்னைக்கு ஐநூறு பேர்னு வந்திருக்கே, இது இன்னைக்கு நோய் இல்ல" என்று ஆரம்பித்தால் கேட்பவர் நாற்காலி தேடி உட்கார வேண்டியதுதான். நோய் உடம்புக்குள் நுழைந்த பிறகு சில நாள் சத்தம் காட்டாமல் கிடக்கும். அப்புறம் தொண்டை கரகரக்கும். அதற்குப் பிறகும் மனிதன் லேசில் பரிசோதனைக்குப் போவானா? வெந்நீர் குடித்துப் பார்ப்பான், போர்த்திப் படுத்துப் பார்ப்பான், பக்கத்து வீட்டுக்காரன் முகம் சுளித்த பிறகுதான் போவான். போனால் முடிவு வர நாளாகும். முடிவு சீட்டிலிருந்து கணினிக்கு ஏற இன்னும் நாளாகும். ஆக, திரையில் தெரிவது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முந்தைய ஊர். இன்றைய ஊர் எப்படி இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தாமதங்களை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, இன்றைக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதுதான் அவருடைய சமன்பாடு.

"குளிக்கிற ரூம்ல சுடுதண்ணிக் குழாயைத் திருப்பறீங்க. உடனே சூடு வராது. வரலையேன்னு இன்னும் திருப்புவீங்க. அப்புறம் ஒரேயடியா கொதிக்கக் கொதிக்க வந்து முதுகு வெந்துடும். ஊரைத் திறக்கறதும் மூடறதும் அதே குழாய்தான்" என்பார். இதைத் தன் அம்மாவிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப பச்சைத் தண்ணியில குளிடா" என்றாள்.

எதையும் ஒரே எண்ணாகச் சொல்லவும் அவருக்கு வாய் வராது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால்கூட இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று ஒரு வரம்பு சொல்வார். கல்யாணமே ஆகவில்லை. அதற்கும் தாமதம்தான் காரணம் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பிவிடுவார்.

அந்த அம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோய், அதற்குப் பிறகு எழுந்து நடமாட முடியவில்லை. தூக்கி உட்கார வைக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் பகலிலும் இரவிலும் ஆள் வேண்டும். மகனும் வேலைக்குப் போகிறார், மகளும் போகிறாள். "எங்கயாவது சேத்து விடுங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்காதீங்க" என்று அம்மாவே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சேர்த்தார்கள். சேர்த்த நாளிலிருந்து அக்கா ஒரு மாலை விடாமல் போய்வந்தாள். தலை வாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள், அன்றைக்கு யாரோடு சண்டை போட்டோம் என்று இரண்டு பேரும் கதை பேசுவார்கள்.

பிறகு தொற்று வந்தது. இல்லத்தின் கதவை மூடினார்கள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. தொலைபேசியில் பேசலாமே என்பீர்கள். அம்மாவுக்குக் கருவி வைத்தும் காது அறவே மந்தம். எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்தால்தான் பாதி புரியும். போனை எடுத்தால் இந்தப் பக்கம் யார் என்ன சொன்னாலும் "சாப்பிட்டியா? சரி, சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிடுவாள். அக்கா வேறு வழி கண்டுபிடித்தாள். ஒரு மஞ்சள் குடை வாங்கினாள். வேலை முடிந்து வரும்போது இல்லத்துக்கு எதிர்த்த நடைபாதையில் நின்று, அந்தக் குடையை விரித்துத் தலைக்கு மேலே ஆட்டுவாள். அம்மாவை மூன்றாம் மாடி ஜன்னலோரம் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள். அவளுக்குக் கண்ணும் மங்கல். மகள் முகம் தெரியாது, மஞ்சள் தெரியும். தெரிந்ததற்கு அடையாளமாக ஜன்னல் திரையை ஒரு தடவை இழுத்துவிடுவாள். அவ்வளவுதான் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம், மழையும் இல்லை வெயிலும் இல்லை, இந்த அம்மாளுக்கு என்ன கேடு என்று பார்த்துக்கொண்டு போவான்.

இல்லங்களைத் திறக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிற அறிக்கை வாரம் தவறாமல் வளைகோட்டார் மேசையிலிருந்துதான் போகும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். ஊரில் எத்தனையோ பேருக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாது. அவளுக்கு மட்டும் தம்பியைப் பிடித்தால் போதும் என்று தெரிந்துதொலைத்தது. ஒரு விடுமுறை நாளில் நேரே அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லு. அம்மாவை எப்பத் தொடலாம்?"

"கோடு இறங்குதுக்கா. நல்லாவே இறங்குது."

"இறங்குதுன்னா திறக்க வேண்டியதுதானே? என்ன பிகு பண்ற?"

"பிகு இல்லக்கா. உங்க லேப்தான் இடிக்குது."

அக்கா அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் பதிவுப் பிரிவில் இருந்தாள். சீட்டில் வருகிற முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. போன அலையின்போது தெருத்தெருவாகப் போய் முகாம் போட்டு எடுத்த சீட்டுகள் ஏற்ற ஆளில்லாமல் மூட்டையாகக் கட்டி ஓரமாகக் கிடக்கின்றன என்று வளைகோட்டார் கேள்விப்பட்டிருந்தார்.

"அந்த மூட்டையெல்லாம் பழைய நாள் கணக்குக்கா. அதுல எத்தனை பேர்னு தெரியாம என் சமன்பாடு ஒரு பக்கம் பள்ளமா நிக்குது. அது நிரம்பிடுச்சுன்னா, போன அலை எங்க ஏறுச்சு எங்க இறங்குச்சுன்னு முழுசா தெரியும். நானும் தைரியமா திறக்கலாம்னு எழுதிடுவேன்."

"சத்தியமா?"

"நூத்துக்குத் தொண்ணூறுலேருந்து தொண்ணூத்தஞ்சு..."

"சத்தியமாடா?"

"சத்தியமாக்கா."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடுப்படியைத் திட்டிவிட்டுப் போகிறவள் அன்று ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று வளைகோட்டார் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அறிக்கை எழுத உட்காரும் நாளன்று காலையில் கணினியைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்வரை சாதுவாக இறங்கிவந்த கோடு, பாம்பு படம் எடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல். சமன்பாட்டில் அந்த எண்ணைப் போட்டார். சமன்பாடு என்ன செய்யும் பாவம்? தாமதத்தைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், சேர்த்தது. இன்று ஆயிரம் பேர் தெரிகிறார்கள் என்றால் இவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்பு பிடித்துக்கொண்டவர்கள், அதற்குள் ஒவ்வொருவரும் இத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்கள், அவர்கள் இன்னும் திரையில் வரவில்லை என்று கணக்குப் போட்டு, திரைக்கு மேலே முட்டுகிற உயரத்துக்குச் சிவப்பில் ஒரு மலை வரைந்து காட்டியது.

எதிர் மேசையில் இருந்தவருக்குக் கட்டில் என்று பெயர். ஆஸ்பத்திரிகளில் எத்தனை கட்டில் நிரம்பியிருக்கிறது, எத்தனை காலி என்று கணக்கு வைப்பவர். வளைகோட்டார் அளவுக்குப் படித்தவர், அவரைவிட அதிகமாகப் பேசுபவர். எழுந்துவந்து மலையைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்னய்யா இது, எனக்கு அங்க கட்டிலெல்லாம் காத்தாடுது. இத்தனை பேருக்கு நோய்னா நாலு பேராவது வந்து படுக்க வேணாமா?"

"வருவாங்க. நோய் வந்த அன்னைக்கே யாரும் வந்து படுக்கறதில்ல. தாமதம்."

"மருந்துக் கடையில காய்ச்சல் மாத்திரைகூட ஓடலைங்கறான்."

"அதுக்கும் தாமதம்தான். நாலு நாள் பொறுங்க, ஓடும்."

இந்தத் தாமதம் இருக்கிறதே, அது எந்தப் பூட்டுக்கும் சேர்கிற சாவி. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கெல்லாம் அதுவே பதில். அந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் சேர்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் அந்த மனிதர். படவில்லை. இருபது வருடம் தாமதம் தாமதம் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டு, இப்போது ஊரே கேட்கும்போது சந்தேகம் எங்கே வரும்?

கட்டில் விடவில்லை. "அந்த லேப்ல மூட்டை கிடக்குன்னீங்களே, அதை ஏத்தித் தொலைச்சிட்டாங்களோ?"

வளைகோட்டாருக்குச் சிரிப்பு வந்தது. "யோவ், மூட்டை போன அலையோடது. ஒவ்வொரு சீட்டிலயும் முடிவு வந்த தேதி இருக்கும். அதை ஏத்தினா அந்தந்தப் பழைய தேதியில போய்தான் உக்காரும். பள்ளம் நிரம்பும், அவ்வளவுதான். இது பாருங்க, எல்லாம் நேத்துத் தேதி. புதுசு."

நியாயம்தான். அந்த நியாயத்தில் ஓட்டை இருந்ததாக அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் கட்டில், "எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன். உங்க அக்கா அங்கதானே இருக்காங்க?" என்றார்.

வளைகோட்டார் போனை எடுத்தார். அக்காவின் எண் வரை போனார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"போன் பண்ணா மூட்டையைப் பத்தியா பேசுவா? அம்மாவை எப்பப் பாக்கலாம்னுதான் கேப்பா. திறக்க முடியாதுன்னு நான் சொல்லணும். அழுவா. இன்னைக்கு அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லய்யா."

அதுதான் காரணம். வேறு ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. கூடப் பிறந்தவள் அழுவாளே என்று பயந்துகொண்டு ஒரு மனிதன் ஒரு போன் செய்யவில்லை.

மதியம் கூட்டம். இயக்குநருக்குத் திறந்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. மேலிடத்தில் நெருக்குகிறார்கள், இல்லங்களின் வாசலில் பிள்ளைகள் வந்து நின்று சண்டை போடுகிறார்கள். மலையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது.

"இது நிச்சயம் வருமா?"

"வந்துட்டு இருக்கு சார். நமக்குத் தெரியறதுக்குத்தான் நாளாகும். தெரிஞ்ச பிறகு மூடினா புண்ணியமில்ல."

"பாருங்க, உங்க அம்மாவே ஒரு இல்லத்துலதான் இருக்காங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கும் பாக்கணும்னு இருக்காதா?"

"அதனாலதான் சார் சொல்றேன். என் அம்மா இருக்காங்க. மூடியே வைங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இயக்குநர் எழுந்துவந்து தோளில் கை வைத்தார். வளைகோட்டாருக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது என்பதை மறைப்பானேன்? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரம்பும் சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார், அது எடுபட்டும்விட்டது. மறு உத்தரவு வரும்வரை இல்லங்கள் திறக்கப்படாது என்று அறிவிப்பு போனது.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். "நீ சத்தியம் பண்ணினியேடா!" என்றாள். அவர் மலையைப் பற்றி விளக்கத் தொடங்கினார். பாதியில், "உன் மலையை நீயே கட்டிட்டு அழு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

ஒரு வாரம் போனது. கட்டில்கள் நிரம்பவில்லை. தாமதம் என்றார் வளைகோட்டார். இன்னொரு வாரம் போனது. திரையில் நிமிர்ந்த கோடு தானாகவே படுத்துக்கொண்டது. மூடிவைத்ததால் தணிகிறது என்றார். கட்டில் தலையைச் சொறிந்தார், ஆனால் எதிர்த்துப் பேச அவரிடம் காலிக் கட்டில்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அந்த நாள்களில் ஒரு காலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. எடுத்ததும் வளைகோட்டார் கேட்ட முதல் கேள்வி, "டெஸ்ட் பண்ணினீங்களா?" என்பது. அந்தப் பக்கம் இருந்த செவிலி, "நோய் இல்ல சார். இங்க யாருக்குமே நோய் இல்ல. தூக்கத்துலயே இதயம் நின்னுடுச்சு. வயசுதானே" என்றாள்.

உள்ளே போக முடியவில்லை. அவர் எழுதிக் கொடுத்த விதிதான். வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார். அக்காவும் அவள் கணவரான மாமாவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். மூடிய வண்டி ஒன்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஜன்னல்கூட இல்லாத வண்டி. அது அவர்களைத் தாண்டும்போது அக்கா குடையை விரித்து ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள், யாருக்குத் தெரியும் என்று நினைத்தாளோ. மாமா அவள் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். தம்பி பக்கம் அவள் திரும்பவே இல்லை. வண்டிக்குப் பின்னால் மாமாவின் காரில் ஏறிப் போய்விட்டாள். மூன்றாம் மாடியில் யாரோ ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கம்பிக் கதவு வரை வந்த செவிலி அவரிடம் ஒன்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "கடைசி ரெண்டு மூணு நாளா, பொண்ணு எங்க, ஏன் மேல வரலைன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நோய்னு சொல்லிப் பாத்தோம். காதுல விழலை. கோவமா இருக்காளான்னு கேட்டாங்க."

அலை வரவே இல்லை. இல்லங்களைத் திறந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற உத்தியோகங்களில் சொன்னது நடக்காவிட்டால் கூப்பிட்டு வைத்துத் திட்டுவார்கள். இந்த உத்தியோகத்தில் பாராட்டு விழா வைத்தார்கள்! சொன்னது நடக்கவில்லை என்றால், சொன்னதால்தான் நடக்கவில்லை. இதை எந்தக் கொம்பனும் மறுக்க முடியாது. இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, சொந்தத் தாயின் கடைசி முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊரைக் காப்பாற்றியவர் என்றார். கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டில்கூடத் தட்டினார்.

நடைக்கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். அதில் இரண்டு கோடுகள். சிவப்பில், வந்திருக்க வேண்டிய மலை. நீலத்தில், நடந்தது, கிட்டத்தட்ட தரையோடு தரையாக. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை வெளிர் பச்சையில் நிரப்பி, காப்பாற்றப்பட்ட உயிர்கள் என்று எழுதியிருந்தார்கள். செய்தித்தாளிலும் அதே படம் வந்தது. வளைகோட்டார் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார். அம்மா போன துக்கம் நெஞ்சை அடைக்கிற நாளில் அந்தப் பச்சையைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வரும். இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை அம்மாக்கள் இருக்கிறார்கள் என்று தேற்றிக்கொள்வார். அவருக்கு இருந்த பிடிமானம் அது ஒன்றுதான்.

அம்மாவின் சாமான்கள் இல்லத்திலிருந்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரு பை. பிரித்துப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றாள்.

"பையைப் பிரிச்சியா?"

"இல்லக்கா."

"நினைச்சேன்" என்று உள்ளே வந்தாள். மேசைமேல் பையைக் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, இரண்டு கம்பளிச் சட்டை, பல் இரண்டு உடைந்த சீப்பு. அக்கா சீப்பை எடுத்து அதில் சிக்கியிருந்த நரைமுடியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வயதாகிவிட்டதை அன்றுதான் தம்பி பார்த்தார். அவர் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

"பேப்பர்ல உன் படத்தைப் பாத்தேன்" என்றாள் அக்கா. "அந்தப் பச்சை. உன் மாமா கத்திரிச்சு வெச்சிருக்காரு."

அவர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் உன்கிட்ட எவ்வளவு கோவமா இருந்தேன் தெரியுமா? கொன்னு போட்டுடலாம்னு இருந்துச்சு. ஏன்னு உனக்குத் தெரியாது. நீ சத்தியம் பண்ணிட்டு மாத்திட்டேங்கறது மட்டும் இல்ல. நான் அன்னைக்கு உன் வீட்டுலேருந்து நேரா லேபுக்குத்தான் போனேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த மூட்டையை ஏத்தத்தான். அது ஏறினா திறப்பேன்னியே. கூட வேலை செய்யற ரெண்டு பேரைக் கையில கால்ல விழுந்து சேத்துக்கிட்டேன். லீவு நாள்ல பிரிச்சு அடுக்கவே பொழுது போயிடுச்சு. மறுநாள்லேருந்து வேலைக்கு நடுவுல ஏத்தினோம். அதுல ஒவ்வொண்ணுக்கும் தேதி அடிக்கணும், பேர் அடிக்கணும், வயசு அடிக்கணும். இப்படியே போனா ஒரு மாசம் ஆகும்னு ஆயிடுச்சு. அப்புறம் எனக்கு ஒரு யோசனை. தேதிக் கட்டத்தைத் தொடாம விட்டுட்டா மிஷினே அன்னைக்குத் தேதியைப் போட்டுக்குது. எப்படியும் எல்லாம் போன அலையோட சீட்டுதானே, உனக்கு வேண்டியது எத்தனை பேருங்கறதுதானே? தேதி, பேர், வயசு எல்லாத்தையும் விட்டுட்டு, சீட்டு நம்பரையும் முடிவையும் மட்டும் அடிச்சு ஒரே நாள்ல மொத்த மூட்டையையும் ஏத்தி முடிச்சோம்டா! விரல் எல்லாம் வீங்கிப்போச்சு. முடிச்சிட்டு உன்கிட்ட பெருமையா சொல்லலாம்னு இருந்தேன். மறுநாளே நீ மூடிட்டேங்கற. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

வளைகோட்டார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆயிரத்துக்கு மேல். எல்லாம் ஒரே தேதி. குணமாகி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை, முந்தின நாள்தான் நோய் உறுதியானவர்கள் என்று கணினி சொன்னது. சமன்பாடு நம்பியது. சமன்பாட்டை இவர் நம்பினார். கட்டில்கள் காலியாக இருந்தன, ஏனென்றால் படுக்க யாரும் இல்லை. அலை வரவில்லை, ஏனென்றால் அலையே இல்லை. நடைக்கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒருவரும் இல்லை. கதவை மூடியது அவருடைய கை. அந்தக் கதவைத் தள்ளிக் கொடுத்தது, திறக்கும் என்று நம்பி விரல் வீங்க அடித்த அக்காவின் கை. நடுவில் ஒரு போன். எடுத்து, கவிழ்த்து வைத்த போன்.

"என்னடா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள், அம்மாவிடம் பேசும்போது வாய் தெரியப் போட்டுக்கொள்வாளே, அந்த மாதிரி.

"நான் சண்டை போட வரல. எனக்குத் தூக்கமே இல்லடா. அம்மா, நான் கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சுட்டே போயிட்டா. அந்த நர்ஸ் என்கிட்டயும் சொன்னா. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அவ்வளவுலேருந்து இவ்வளவுன்னு ஆரம்பிக்காதே. அன்னைக்கு மூடினது தேவைதானா? தேவைன்னு ஒரு வார்த்தை நீ சொல்லிட்டா, அம்மாவை நான் அத்தனை பேருக்காக விட்டுக் கொடுத்தேன்னு நினைச்சுக்குவேன். நிம்மதியா அழுவேன்."

வளைகோட்டார் அவளைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் பாரம் குறையும். குறைகிற பாரம் எங்கே போகும்? எதிரே உட்கார்ந்திருக்கிறவள் தலையில் போய் உட்காரும். நீ அடித்த சீட்டுதான் அம்மாவின் கதவைச் சாத்தியது என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து படியிறங்கி வீடு போய்ச் சேர்வாளா? அக்காவுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி நிஜம். அந்தப் படமும், கைதட்டலும், தன்னை மதித்துத் தோளில் கை வைத்த இயக்குநரும் மற்றப் பாதி. அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"தேவைதான்க்கா" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள் இறங்கியது. கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அவர் அழவில்லை. அழ அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். சாமான்களைத் திரும்பப் பையில் போட்டாள். சீப்பை மட்டும் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் எதையோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"டேய், கேக்க மறந்துட்டேன். நான் ஏத்தின சீட்டெல்லாம் உன் கணக்குக்கு ஏதாவது உதவுச்சா? இல்ல, நாங்க மூணு பேரும் சும்மா மாரடிச்சமா?"

வளைகோட்டார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உதவுச்சுக்கா" என்றார். "அதை வெச்சுத்தான் முடிவே எடுத்தேன்."

அம்மா போன பிறகு அக்கா சிரித்தது அன்றைக்குத்தான்.